சூப்பர்ஹீரோ ரோல்பிளேல சண்டை சீன் எழுதப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப்ல ஒரு சூப்பர்ஹீரோ ரோல்பிளே சர்வர்ல, அதாவது ஆளுக்கொரு கேரக்டரை வச்சு மாத்தி மாத்தி கதை எழுதற குழுவுல, சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் ஒரு கை அரிப்பு வரும், யாரையாவது புடிச்சு ரெண்டு சாத்து சாத்தணும்னு. நியாயம்தான், மொட்டை மாடில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே பேசறதுக்கா கேரக்டருக்கு லேசர் கண்ணு வச்சோம்? ஆனா புதுசா வர்றவங்க அதிகமா அடிபடற இடமும் இந்த சண்டை சீன்தான். அடி கேரக்டருக்கு இல்ல, எழுதற ஆளுக்கு. ரெண்டு போஸ்ட் போட்டதும் எதிராளி பதிலே போடமாட்டாங்க, மாட் (சர்வரைப் பார்த்துக்கற மாடரேட்டர்) வந்து உங்களைத் தனியா கூப்பிடுவாரு, என்ன தப்புன்னே புரியாது.

காரணம் என்னன்னா, ரூல்ஸ் சேனல்ல எழுதி வச்சிருக்கறது கொஞ்சம்தான், மீதி எல்லாம் அவங்க வருஷக்கணக்கா விளையாடி பழகிப்போன மரியாதை, அதை யாரும் உக்கார வச்சு சொல்லித் தரமாட்டாங்க. நான் திட்டு வாங்கி, டிக்கெட் (மாட் கிட்ட போற புகார்) போட்டு, மத்தவங்களோட பழைய திரெட்டை (ஒரு சீனோட போஸ்ட் எல்லாம் வரிசையா இருக்கற இடம்) எல்லாம் தோண்டிப் படிச்சு பொறுக்கினதைத்தான் இங்க வரிசையா போடறேன். இந்த சர்வருங்க பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் ஓடுது, நீங்களும் இங்கிலீஷ்லதான் போஸ்ட் போடப் போறீங்க, உதாரணம் மட்டும் சட்டுனு புரியட்டும்னு தமிழ்ல எழுதியிருக்கேன்.

1. முதல்ல அது எந்த மாதிரி சண்டைன்னு கண்டுபிடிங்க

எல்லா சர்வர்லயும் சண்டை ஒரே மாதிரி நடக்காது. நான் பார்த்த வரைக்கும் மூணு வகை.

ஒண்ணு ஃப்ரீஃபார்ம். டைஸ் கிடையாது, பாயிண்ட் கிடையாது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதறதுதான், யார் ஜெயிக்கறதுன்னு பேசி வச்சுக்கறது. புதுசா வர்றவங்க மாட்டிக்கறது முக்கால்வாசி இங்கதான், அதனால இந்தக் கட்டுரையும் முக்கால்வாசி அதைப் பத்திதான்.

ரெண்டாவது டைஸ் வச்சு. மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் மாதிரி ஒரு சூப்பர்ஹீரோ விளையாட்டோட ரூல்ஸை எடுத்துக்கிட்டு டைஸை ஒரு பாட்ல (தானா வேலை செய்யற புரோகிராம்) உருட்டுவாங்க. அதுல ஹிட் பாயிண்ட்னு ஒண்ணு கிடையாது, அடி பட்டா எதிராளி 20 பக்க டைஸை உருட்டி தன்னோட டஃப்னஸை (அடி தாங்கற பலம்) கூட்டி, உங்க டேமேஜ் ரேங்கோட (அடியோட பலம்) 15 சேர்த்த நம்பரை எட்டணும், எட்டலைன்னா எவ்வளவு குறையுதோ அதுக்கேத்த மாதிரி பாதிப்பு. இந்த மாதிரி சர்வர்ல நீங்க எழுதற அழகான வரி எல்லாம் டைஸ் விழுந்த பிறகுதான். முதல்ல உருட்டுங்க, அப்புறம் எழுதுங்க. பத்து வரி எழுதி முடிச்சிட்டு உருட்டினா 3 விழும், அனுபவம்.

மூணாவது ஜட்ஜ் வச்ச சண்டை. ரெண்டு பேரும் ஜெயிக்கத்தான் எழுதுவாங்க, மூணாவது ஆள் படிச்சுப் பார்த்து யாரோட நகர்வு நியாயமா இருந்துச்சுன்னு தீர்ப்பு சொல்வாரு. புதுசுல இந்தப் பக்கம் போகாதீங்க, அங்க இருக்கறவங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் வக்கீல் மாதிரி வாதாடுவாங்க.

எந்த வகைன்னு ரூல்ஸ்ல தெளிவா இல்லைன்னா, முடிஞ்ச சண்டைத் திரெட் நாலஞ்சை முழுசா படிங்க. ரூல்ஸ் சேனலை விட அதுதான் உண்மையைச் சொல்லும்.

2. கேரக்டர் ஷீட்டை சண்டையை மனசுல வச்சு எழுதுங்க

ஷீட்னா உங்க கேரக்டர் யாரு, என்ன பவர்னு எழுதி மாட் கிட்ட அப்ரூவல் வாங்கறது, உங்க கையில இருக்கற ஒரே டாக்குமென்ட் இதுதான். நாளைக்கு தகராறு வந்தா மாட் முதல்ல திறந்து பார்க்கறதும் இதைத்தான். பேர், வயசு, பின்கதை எல்லாம் இருக்கட்டும், அதுல எல்லாரும் நாலு பக்கம் எழுதிடறாங்க, அம்மா அப்பா செத்துப் போனதை மட்டும் ஒரு பக்கம். சண்டைக்குத் தேவைப்படற பகுதி பவர்ஸ். அங்க வந்ததும் "மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவான்"னு ஒத்தை வரில முடிச்சிடறாங்க.

ஒவ்வொரு பவருக்கும் இந்த நாலையும் எழுதுங்க: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு பலம், எத்தனை தடவை பண்ண முடியும், பண்ணா உடம்புக்கு என்ன ஆகும். உதாரணத்துக்கு, "30 அடி தூரம் வரைக்கும் மின்னல் வீசுவான், ஒரு கார் பேட்டரி வெடிக்கற அளவுக்கு பலம், தொடர்ந்து மூணு தடவை வீசினா கை மரத்துப்போயிடும், ரப்பர் மேல வேலைக்காகாது". இப்படி இருந்தா எதிராளிக்கு விளையாட ஏதோ கிடைக்குது. லிமிட் இல்லாத பவரோட யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க, வந்தாலும் அவங்களும் லிமிட் இல்லாம வருவாங்க.

வீக்னஸ்னு போட்டிருக்கற இடத்துல "யாரையும் சீக்கிரம் நம்பிடுவான்", "பாசக்காரன்" இதெல்லாம் எழுதாதீங்க, மாட் திருப்பி அனுப்பிடுவாரு. சண்டையில எதிராளி பயன்படுத்தக் கூடியதா இருக்கணும். அதே மாதிரி "ஒரு அபூர்வமான விண்கல் மட்டும்தான் இவனை பாதிக்கும்"னு போடறதும் ஏமாத்து வேலைதான், அந்தக் கல்லை வச்சிருக்கறவன் அந்த சர்வர்லயே இருக்கமாட்டான்.

டைம் கன்ட்ரோல், மத்தவங்க பவரைக் காப்பி அடிக்கறது, மனசைக் கட்டுப்படுத்தறது, சாவே இல்லாதது, இந்த நாலும் நிறைய சர்வர்ல நேரடியா தடை, இல்லைன்னா பழைய ஆளுங்களுக்கு மட்டும். முதல் கேரக்டருக்கு ஆசைப்படாதீங்க. சூப்பர்மேன் மாதிரி ஏற்கெனவே இருக்கற கேரக்டரை எடுக்கறதும் முதல்ல வேண்டாம், ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் "காமிக்ஸ்ல அவன் இப்படிப் பண்ணமாட்டானே"ன்னு ஒருத்தர் வருவாரு. சொந்தமா ஒண்ணு உருவாக்குங்க.

ஷீட் அப்ரூவ் ஆக ஒரே நாள்லயும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம், மாட் எல்லாம் சம்பளம் இல்லாம பார்க்கறவங்க. தினமும் டேக் பண்ணி "என்னாச்சு"ன்னு கேக்காதீங்க. திருத்தம் சொன்னா திருத்திட்டு எந்த வரியை மாத்தினீங்கன்னு சொல்லுங்க, அது ஒண்ணே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

3. முதல் குத்துக்கு முன்னாடி ஓஓசில பேசிக்கங்க

ஐசின்னா கேரக்டர் பேசறது, ஓஓசின்னா கேரக்டருக்கு வெளிய நீங்க நீங்களா பேசறது. சண்டையோட தலையெழுத்து ஓஓசிலதான் எழுதப்படுது. நல்ல சண்டை எழுதறவங்க யாரைப் பார்த்தாலும், சீன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தனியா பேசி முடிச்சிருப்பாங்க. இதை வெக்கப்படாம கேளுங்க, "முடிவு தெரிஞ்சா சுவாரசியம் போயிடுமே"ன்னு நினைக்கவேண்டாம். யார் ஜெயிப்பான்னு தெரிஞ்ச பிறகு எழுதறப்பதான் எப்படி ஜெயிக்கறான்னு யோசிக்க நேரம் கிடைக்குது.

நான் அனுப்பற மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருக்கும், வேணும்னா எடுத்துக்கங்க:

"வணக்கம், நம்ம ரெண்டு பேரும் துறைமுகத்துல மோதற சீன் போடலாமா? என் ஆள் தோத்துப் போறதுல எனக்குப் பிரச்சினை இல்ல, ஆனா பிடிபடக் கூடாது, தப்பிச்சு ஓடணும். காயம் எலும்பு முறிவு வரைக்கும் ஓகே, கண்ணு, கை கால் போறது வேண்டாம். ஆளுக்கு ஆறு போஸ்ட் போதுமா? ரெண்டு நாளைக்கு ஒரு போஸ்ட் என்னால முடியும். உங்களுக்கு இதுல எது வேண்டாம்னு சொல்லுங்க."

இதுல ஆறு விஷயம் இருக்கு பாருங்க: இடம், முடிவு, காயத்தோட எல்லை, நீளம், வேகம், எதிராளிக்குப் பிடிக்காதது எதுன்னு ஒரு கேள்வி. கடைசி விஷயம்தான் நிறைய பேர் விடறது. சிலருக்கு கழுத்தை நெறிக்கறது படிக்கவே ஆகாது, சிலருக்கு பூச்சி, சிலருக்கு தீ. ஏன்னு கேக்காதீங்க, காரணம் சொல்லணும்னு அவங்களுக்கு அவசியம் இல்ல. டேபிள்டாப் விளையாட்டுல எக்ஸ்-கார்டுன்னு ஒண்ணு உண்டு, மேஜை மேல எக்ஸ் போட்ட அட்டை இருக்கும், யாராவது தொட்டா அந்த விஷயத்தை விளக்கம் கேக்காம விட்டுட்டு மேல போகணும். நிறைய சர்வர்ல அதையே ஒரு எமோஜி ரியாக்ஷனா வச்சிருக்காங்க.

பேசி முடிச்சதும் அந்த உரையாடலை பின் பண்ணி வைங்க, இல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. மூணு வாரம் கழிச்சு "நான் அப்படி சொல்லவே இல்லையே"ன்னு வரும், அப்ப ஞாபகத்தை நம்பி சண்டை போட முடியாது.

டிஸ்கார்ட்ல கணக்கு வைக்கவே 13 வயசு ஆகணும், ரத்தம் தெறிக்கற சண்டை வர்ற சர்வர் நிறைய 18 வயசுக்கு மேலன்னு வச்சிருப்பாங்க. வயசை மாத்திச் சொல்லி உள்ள போகாதீங்க, கூட விளையாடினவங்களும் சேர்ந்து மாட்டுவாங்க.

4. அடியை அனுப்புங்க, அது படுதான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க

இதுதான் முதல் ரூல், ரெண்டாவது ரூல், மூணாவது ரூல். உங்க கேரக்டர் என்ன பண்றான்னு நீங்க எழுதலாம், எதிராளி கேரக்டருக்கு என்ன ஆச்சுன்னு எதிராளிதான் எழுதணும். மீறினா அதுக்கு பவர்பிளேயிங்னு பேர், அடி கட்டாயம் பட்டதா எழுதினா ஆட்டோஹிட், எதுவுமே படாத மாதிரி எழுதினா காட்மோடிங். ஒவ்வொரு சர்வர்லயும் இந்தப் பேரையெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன மாத்திப் பேசுவாங்க, விஷயம் ஒண்ணுதான்.

வோல்ட்னு ஒரு மின்சார ஹீரோ, ஸ்லேட்னு கல்லு உடம்பு வில்லன்னு வச்சுக்குவோம். புதுசா வர்றவங்க எழுதறது இப்படி:

"வோல்ட் மின்னல் மாதிரி பாய்ஞ்சு ஸ்லேட் தாடையில ஒரு குத்து விட்டான். ஸ்லேட் பறந்து போய் பஸ் மேல விழுந்தான். கல்லு உடம்புல விரிசல் விட்டுச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அவன் கண்ணுல பயம் தெரிஞ்சுச்சு."

குத்து பட்டது, பறந்தது, விரிசல் விட்டது, பயந்தது, நாலையும் ஸ்லேட்டை எழுதறவர்கிட்ட கேக்காமலே முடிவு பண்ணியாச்சு. அந்த மனுஷனுக்கு எழுத மிச்சம் என்ன இருக்கு? கடைசி வரிதான் ரொம்ப மோசம், உடம்பை உடைச்சாக் கூட மன்னிச்சிடுவாங்க, கேரக்டரோட மனசுக்குள்ள நீங்க போய் உக்காந்தா மன்னிக்கமாட்டாங்க.

அதையே இப்படி எழுதலாம்:

"வோல்ட் வலது கையை இறுக்கினான், முட்டியில நீலமா பொறி தெறிச்சுச்சு. உடைஞ்ச ஹைட்ரன்ட் தண்ணி ஸ்லேட் காலடி வரைக்கும் ஓடி வந்திருந்ததை அவன் பார்த்துட்டான். தாடைக்குக் குறி வைக்கற மாதிரி பாவ்லா காட்டி, கடைசி நொடியில சட்டுனு குனிஞ்சு உள்ளங்கையை அந்தத் தண்ணியில பதிச்சான், இருந்த மொத்த கரண்டையும் இறக்கினான். குனிஞ்சதுல முதுகு முழுசா திறந்து கிடந்துச்சு."

கரண்ட் கிளம்பிடுச்சு, பட்டுச்சான்னு இவர் சொல்லல. எதிராளிக்கு ரெண்டு விஷயம் கொடுத்திருக்காரு: பதில் சொல்ல வேண்டிய ஒரு ஆபத்து, திருப்பி அடிக்க ஒரு சந்தர்ப்பம். அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, "முதுகு திறந்து கிடந்துச்சு", அது மாதிரி ஒரு வரி ஒவ்வொரு போஸ்ட்லயும் இருந்தா உங்களோட விளையாட ஆள் தேடி வருவாங்க. பதில் எப்படி வந்துச்சுன்னு பாருங்க:

"கால் வழியா ஏறின கரண்டுல ஸ்லேட்டோட இடது முழங்கால் பூட்டிக்கிச்சு. கல்லுக்கு வலி கம்மி, ஆனா கால் அசையல. சாயற சாய்ப்புலயே பக்கத்துல இருந்த பார்க்கிங் மீட்டரைப் பிடுங்கி, எதிர்ல திறந்து கிடந்த முதுகைப் பார்த்து வீசினான்."

பாதி பாதிப்பை ஏத்துக்கிட்டாரு, பாதியை தன்னோட பவரை வச்சு குறைச்சுக்கிட்டாரு, கொடுத்த சந்தர்ப்பத்தை எடுத்துக்கிட்டாரு. இப்ப பந்து திரும்பவும் வோல்ட் கிட்ட.

இதுக்காக எல்லா வரியிலயும் "முயற்சி பண்றான், முயற்சி பண்றான்"னு போட்டுக்கிட்டே இருக்காதீங்க, படிக்க வாய்தா வாங்கற மாதிரி இருக்கும். அடி கையை விட்டுக் கிளம்பற இடத்துல வாக்கியத்தை நிறுத்துங்க, அவ்வளவுதான். ஒரு போஸ்ட்டுக்கு ஒரு தாக்குதல், ரொம்பப் போனா தொடர்ச்சியா வர்ற ரெண்டு. எட்டு நகர்வை ஒரே போஸ்ட்ல அடுக்கினா, முதல் அடியையே அவர் தடுத்துட்டா மீதி ஏழும் குப்பைக்குத்தான்.

முன்கூட்டியே பேசி "இந்த அடி பட்டதா நீங்களே எழுதிக்கங்க"ன்னு அனுமதி வாங்கியிருந்தா தாராளமா எழுதலாம். ஆனா போஸ்ட்டுக்கு அடியில ஓஓசில "பேசி வச்சதுதான்"னு ஒரு வரி போட்டுடுங்க, இல்லைன்னா பார்க்கற மூணாவது ஆள் மாட் கிட்ட போயிடுவாரு.

5. அடி வாங்கக் கத்துக்கங்க

எப்பவும் தப்பிக்கற ஆளோட யாருக்கும் விளையாடப் பிடிக்காது. குனிஞ்சான், நகர்ந்தான், கவசம் தாங்குச்சு, அது அவனோட நிழல்தான், இப்படியே போனா மூணாவது போஸ்ட்லயே எதிராளிக்கு அலுத்துடும். வருதே அடி, அதுல மூணுக்கு ஒண்ணாவது முழுசா வாங்குங்கன்னு நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்வேன், இது எந்த ரூல்புக்லயும் இல்ல, என் கணக்கு. வாங்கினதை அடுத்த போஸ்ட்லயே மறக்காதீங்க, இடது தோள் கழண்டுச்சுன்னா அடுத்த நாலு போஸ்ட்டுக்கு இடது கையால ஒண்ணும் பண்ணக் கூடாது.

தோக்கறதுல உண்மையிலேயே லாபம் இருக்கு. மேல சொன்ன மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்ல கேரக்டருக்கு ஒரு சிக்கலையோ பின்னடைவையோ ஜிஎம் (விளையாட்டை நடத்தறவர்) கொண்டு வந்தா பதிலுக்கு ஹீரோ பாயிண்ட் தருவாரு, அதை வச்சு பின்னாடி ஒரு டைஸைத் திரும்ப உருட்டலாம், அப்படி உருட்டினதுல 10க்குள்ள விழுந்தா அதோட இன்னொரு 10 சேர்த்துக்கலாம். முதல் பாதியில ஹீரோ உதை வாங்குவான், கடைசில எழுந்து நிப்பான், நம்ம ஊர்ல எந்த மசாலாப் படம் பார்த்தாலும் இதானே. மாஸ்க்ஸ்னு இன்னொரு விளையாட்டு, டீன் ஏஜ் ஹீரோக்களைப் பத்தினது, அதுல அடி பட்டா எலும்பு உடையறதைக் குறிச்சு வைக்கமாட்டாங்க, பயம், கோபம், குற்ற உணர்ச்சி, நம்பிக்கை போனது, தன்மேல சந்தேகம் இந்த அஞ்சுல ஒண்ணைக் குறிச்சு வைப்பாங்க. ஃப்ரீஃபார்ம்ல கூட இதைக் கடன் வாங்கலாம். கல்லு உடம்பு வில்லனுக்கு தாடை வலிக்காது, ஆனா கூட்டத்துல சின்னப் பையன் ஒருத்தன் முன்னாடி கீழ விழுந்தது வலிக்கும்.

6. உங்களுக்குத் தெரிஞ்சது உங்க கேரக்டருக்குத் தெரியாது

எதிராளி ஷீட்ல வீக்னஸ் என்னன்னு நீங்க படிச்சிருப்பீங்க. உங்க ஹீரோ படிக்கல. முதல் தடவை பார்க்கறவனை நேரா அந்த வீக்னஸ்லயே அடிச்சா அது மெட்டாகேமிங், சத்தமில்லாம பேர் கெட்டுப் போற வேலை. எதிராளி கேரக்டர் மனசுக்குள்ள நினைக்கறதா எழுதினதுக்கு பதில் சொல்றதும் இதே கணக்குதான், உங்க ஆள் டெலிபாத்தா (மத்தவங்க மனசைப் படிக்கறவன்) இல்லாத பட்சத்துல. டெலிபாத்தா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் படிக்கணும்.

கண்டுபிடிக்கற மாதிரி எழுதினா தப்பில்ல. தண்ணி பட்டதும் ஸ்லேட் ஒரு அடி பின்வாங்கினதை ஒரு போஸ்ட்ல கவனிச்சான், அடுத்ததுல சோதிச்சுப் பார்த்தான், மூணாவதுல பயன்படுத்தினான்னா யாரும் குறை சொல்லமாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க.

7. கும்பல் சண்டைன்னா

நாலு பேருக்கு மேல சேர்ந்தா கட்டாயம் ஒரு ஜிஎம் வேணும், வில்லனும் அடியாளும் கட்டடம் இடியறதும் அவர் கையில. முதல் சுத்துல யாருக்குப் பின்னாடி யார் போஸ்ட் போட்டாங்களோ அதுதான் வரிசை, கடைசி வரைக்கும் மாறாது. சில சர்வர்ல மூணு போஸ்ட் ரூல், அதாவது உங்களுக்குப் பிறகு வேற மூணு பேர் போட்டுட்டா நீங்க திரும்பப் போடலாம். எதுன்னு கேட்டுட்டு உள்ள போங்க.

ஸ்பீட்ஸ்டர் வச்சிருக்கறவங்க கவனம். அவன் ஒரு நொடியில ஊரைச் சுத்துவான், சரி, ஆனா ஒரு போஸ்ட்ல எல்லா அடியாளையும் கட்டிப் போட்டு பாமையும் எடுத்துட்டு ஜனங்களையும் காப்பாத்திட்டா மத்த நாலு பேர் அங்க எதுக்கு நிக்கறாங்க? ஒருத்தனை அடிங்க, ஒரு அம்மாவைக் காப்பாத்துங்க, மீதியை விட்டுக் கொடுங்க. பெரிய வில்லனைக் கடைசியா சாய்க்கற அடி யாருக்குன்னு ஜிஎம் முன்னாடியே மனசுல வச்சிருப்பாரு, அவர்கிட்ட கேக்காம எடுக்காதீங்க. நகரத்தை இடிக்கறதும் கேட்டுட்டுத்தான், நீங்க உடைச்ச பாலம் வேற யாரோட கதையிலயோ நாளைக்குத் தேவைப்படும்.

8. நேரம், இதுதான் நம்மளுக்கு இருக்கற பெரிய தலைவலி

நிறைய சர்வர் அமெரிக்க நேரத்துல உயிரோட இருக்கும். நியூயார்க்ல ராத்திரி 8 மணின்னா நம்ம ஊர்ல மறுநாள் காலை 5:30, அதுவும் அவங்க கோடைக்கால நேரத்துல, குளிர்காலத்துல 6:30. கலிஃபோர்னியா ராத்திரி 8 நமக்குக் காலை 8:30, ஆபீஸ் கிளம்பற நேரம், குளிர்காலத்துல அதுவும் 9:30 ஆயிடும். லண்டன் ராத்திரி 8 நமக்கு நள்ளிரவு 12:30, குளிர்காலத்துல 1:30. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையும் நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமையும் கடிகாரத்தை மாத்துவாங்க, பிரிட்டன்ல அது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. அந்த வாரங்கள்ல லைவ் சீன், அதாவது எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்து எழுதறது, வச்சீங்கன்னா யாராவது ஒருத்தர் ஒரு மணி நேரம் தனியா உக்காந்திருப்பாங்க. டிஸ்கார்ட்ல டைம்ஸ்டாம்ப் வசதி இருக்கு, ஒரு தடவை போட்டா ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர் நேரத்துல தெரியும், மணியை கையால டைப் பண்ணாம அதையே பயன்படுத்துங்க.

லைவ் சீன் ஒரு சாதாரண சண்டைக்கே ரெண்டு மூணு மணி நேரம் இழுக்கும். காலைல வேலைக்குப் போறவங்களுக்கு அது ஆகாது. "நான் இந்தியா, ஒரு நாளைக்கு ஒரு போஸ்ட்தான்"னு முதல்லயே சொல்லிட்டு மெதுவா ஓடற திரெட்டா கேட்டு வாங்குங்க, யாரும் தப்பா நினைக்கறதில்ல. சொல்லாம காணாமப் போறதுதான் தப்பு. 48 மணி நேரம் பதில் இல்லைன்னா உங்க முறையைத் தாண்டிப் போகலாம்னு பல இடத்துல வச்சிருக்காங்க, சண்டை நடுவுல தாண்டப்பட்டா உங்க ஆள் சும்மா நின்னுக்கிட்டு அடி வாங்கறான்னு அர்த்தம் ஆயிடும். பரீட்சையோ தீபாவளியோ கரண்ட் கட்டோ, ஒரு வரி சொல்லிட்டுப் போங்க.

நீளமும் கவனிங்க. டிஸ்கார்ட்ல ஒரு மெசேஜுக்கு 2,000 எழுத்துதான், நைட்ரோங்கற கட்டணச் சந்தா இருந்தா 4,000. எதிராளி எவ்வளவு எழுதறாரோ ஏறக்குறைய அவ்வளவே எழுதுங்க. அவர் ரெண்டு பத்தி எழுதினதுக்கு நீங்க "அவன் குனிஞ்சு தப்பிச்சான்"னு ஒரு வரில முடிச்சா அது முகத்துல அடிச்ச மாதிரி, அதுவே எட்டுப் பத்தி எழுதினா வேகம் செத்துப்போயிடும்.

9. செலவு

உண்மையைச் சொன்னா பூஜ்யம். டிஸ்கார்ட் இலவசம். டப்பர்பாக்ஸ்னு ஒரு பாட் இருக்கு, நீங்க வச்சிருக்கற அடையாளக் குறியோட டைப் பண்ணா கேரக்டரோட பேர்லயும் படத்துலயும் போஸ்ட் ஆகும், அதுவும் இலவசமாவே போதும். டைஸ் பாட் இலவசம். மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸோட அடிப்படை ரூல்ஸ் ஆன்லைன்ல இலவசமா படிக்கலாம், புத்தகம் வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தமாட்டாங்க. எழுத்தோட கூட கேமாவும் வேணும்னா, சிட்டி ஆஃப் ஹீரோஸ்ங்கற ஆன்லைன் கேமை 2012ல மூடிட்டாலும் ரசிகர்கள் நடத்தற ஹோம்கமிங்ல இலவசமா ஓடுது, 2024 ஜனவரில கேமோட சொந்தக்காரங்களான என்சிசாஃப்ட் முறையா லைசன்ஸும் கொடுத்துட்டாங்க, அங்க ரோல்பிளே ஆளுங்க கூடற இடம் எவர்லாஸ்டிங்ங்கற சர்வர்.

காசு போற ஒரே இடம் கேரக்டர் படம். இங்க ஒரு பொறி இருக்கு. ஷீட் அப்ரூவ் ஆன அன்னிக்கே முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் தனி மெசேஜ்ல வந்து "உங்க கேரக்டர் அருமையா இருக்கு, வரைஞ்சு தரட்டுமா"ன்னு கேப்பாரு, கொஞ்சம் பேசின பிறகு முன்பணம் கேப்பாரு. திருடின படமா இருக்கும், இல்ல ஆளே மறைஞ்சிடுவாரு. பதில் போடாம பிளாக் பண்ணுங்க. ஹீரோ ஃபோர்ஜ் மாதிரி தளத்துல நீங்களே ஒரு உருவம் செஞ்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்தா போதும். ஏஐ படம் சில சர்வர்ல கூடவே கூடாது, போடறதுக்கு முன்னாடி பாருங்க.

10. தகராறு வந்துச்சுன்னா

வரும். எதிராளி ஆட்டோஹிட் போட்டா ஐசிலயே அதைவிடப் பெருசா ஒண்ணைத் திருப்பிப் போட்டு பழி தீர்க்காதீங்க, பார்க்கறவங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரிவீங்க. முதல்ல சீனை நிறுத்துங்க. தனி மெசேஜ்ல மரியாதையா, "என் ஆளோட விலா எலும்பு உடைஞ்சதா எழுதின வரியைக் கொஞ்சம் மாத்த முடியுமா, என் ஆளுக்கு என்ன ஆச்சுன்னு நானே எழுதிக்கறேன்"னு கேளுங்க. பத்துல எட்டு பேர் உடனே எடிட் பண்ணிடுவாங்க, வேணும்னு செஞ்சிருக்கமாட்டாங்க. ஒத்துக்கலைன்னா டிக்கெட் போடுங்க, போஸ்ட் லிங்க், ஷீட் லிங்க், முன்னாடி பேசி வச்ச ஸ்கிரீன்ஷாட், இந்த மூணையும் வச்சு நாலே வரில. பொதுச் சேனல்ல ஆளைக் குறிப்பிடாம சாடை பேசாதீங்க, யாரைன்னு எல்லாருக்கும் தெரியும்.

மாட் ரெட்கான் பண்ணச் சொன்னா, அதாவது அந்தப் பகுதி நடக்கவே இல்லைன்னு வச்சுக்கச் சொன்னா, ஒத்துக்கிட்டு எந்த போஸ்ட்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கறதுன்னு மட்டும் கேட்டுக்கங்க. ரெண்டு தடவைக்கு மேல ஒரே ஆளோட இப்படி ஆச்சுன்னா அவரோட சண்டை சீன் எழுதாதீங்க, காபி சீன் எழுதலாம், அதுல யாரும் யாரையும் ஆட்டோஹிட் பண்ண முடியாது.

வில்லன் எழுதறவங்ககிட்ட ஒரு சண்டை முடிஞ்சதும் ஓஓசில ரெண்டு வார்த்தை நல்லா பேசுங்க. நாள் முழுக்க எல்லார்கிட்டயும் தோத்துக்கிட்டே இருக்கற வேலை அது, ஆள் கிடைக்கறதே கஷ்டம்.

11. முடிச்ச பிறகு

பேசி வச்ச எண்ணிக்கை வந்ததும் இழுக்காதீங்க, போலீஸ் சைரனோ புகையோ ஏதாவது ஒண்ணை வச்சு வெளிய வந்துடுங்க. முடிஞ்சதுன்னு ஒரு வரி போட்டு திரெட்டை மாட் கிட்ட சொல்லி மூடச் சொல்லுங்க, லிங்க்கை ஷீட்ல சேர்த்துக்கங்க. காயத்தையும் ஷீட்ல எழுதுங்க, எத்தனை நாள் இருக்கும்னு சேர்த்து, ஏன்னா சர்வர்ல கேரக்டர் நாள் கணக்கு நிஜ நாளோட ஒத்துப்போகாது, சில இடத்துல ஒரு நிஜ வாரம் ஒரு கதை நாள்தான். விலா எலும்பு உடைஞ்சுச்சுன்னு ஒரு திரெட்ல எழுதிட்டு அன்னிக்கே இன்னொரு திரெட்ல மாடிக்கு மாடி தாவிக்கிட்டு இருந்தீங்கன்னா, ரெண்டையும் படிக்கற ஒருத்தர் கட்டாயம் இருப்பாரு, அவர் பெரும்பாலும் உங்க அடுத்த ஷீட்டை அப்ரூவ் பண்ண வேண்டிய மாடா இருப்பாரு.